பூட்டுப் போட்ட கிணறு

குடிதண்ணிக்குப் பூட்டுப் போடுவானா ஒரு மனிசன்? கந்தப்பு போட்டார். கிணற்றின் மேல் இரும்பு வலை, வலையில் ஆமைப்பூட்டு.

ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணிக் கிணறு அது ஒன்றுதான், மற்றதெல்லாம் உவர். தன் கைக்குழந்தைப் பேத்தியின் செத்தவீட்டில் வந்து அழுத சனத்துக்கே, மாதம் ஒன்று ஆகமுதல் தண்ணி இல்லை என்றுவிட்டார். சந்திக்குத் தண்ணி லொறி, பவுசர் வருகுதாம், அங்கே போய் எடுக்கட்டுமாம்.

பக்கத்து வளவுப் பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் கீர்த்திகா பிள்ளை பெற்று அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் காணவில்லை, பால்மா கரைக்க வேண்டும். பவுசரையும் காணோம். வாளியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போனாள்.

கந்தப்பு வீட்டுப் பாத்தியில் கத்தரிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். விற்கிற வெங்காயத்துக்கு மூட்டை மூட்டையாய் உரம், வீட்டுச் சமையலுக்கு மட்டும் ஒன்றும் போடாத தனிப் பாத்தி. ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். பத்மாவதி வளவிலும் அப்படி ஒன்று உண்டு.

"அண்ணை, ஒரு வாளி தாங்கோ. பச்சைப்பிள்ளைக்கு."

"பச்சைப்பிள்ளைக்கு எண்டால் ஒரு சொட்டும் தரமாட்டன்."

பத்மாவதி வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். தன் பேத்தி போன எரிச்சலில் ஊரான் பிள்ளையும் காயட்டும் என்று நினைக்கிறாரோ என்றும் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

கந்தப்பு வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த மகள் சிவகௌரி உள்ளே படுத்திருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

பேத்தி உதடு நீலம் பாரித்துச் செத்தபிறகு, டொக்டர் அவரைத் தனியக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணி ஒரு போத்தில் கொண்டுவரச் சொன்னாராம். சோதித்தால் தண்ணி முழுக்கத் தோட்டத்திலிருந்து ஊறி இறங்கின உரமாம். கொதிக்க வைத்தாலும் போகாதாம். பெரிய ஆட்கள் தாங்குவினமாம், பச்சைப்பிள்ளை தாங்காதாம். பவுசர் வேண்டும் என்று அலைந்து கேட்டதும் கந்தப்புதானாம்.

"பாத்தியைத் தனிய வைச்சன், தங்கச்சி. தண்ணியைத் தனிய வைக்கேலுமே?"

பத்மாவதிக்குத் தன் வளவுப் பாத்தி ஞாபகம் வந்தது.

"உந்த விசயத்தை அப்பவே ஊருக்குச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"அந்தத் தண்ணியிலை பால் கரைச்சுக் குடுத்தது சிவகௌரியின்ரை கை. தெரிஞ்சால் அவள் உயிரோடை இருக்கமாட்டாள். நான் தண்ணி குடாதவன் எண்டே இருந்திட்டுப் போறன்."

தன் வீட்டில் பவுசர் தண்ணி ஒரு கலன் இருக்கிறதாம், பொழுதுபட வேலிப் பொட்டடியில் வைப்பாராம், சத்தமில்லாமல் எடுக்கட்டுமாம்.

வெறும் வாளியோடு திரும்பினாள். பேச்சுச் சத்தத்துக்கு எழும்பிச் சிவகௌரி வாசலில் நின்றாள்.

"என்ன மாமி, அப்பா தண்ணி தரேல்லையே?"

பத்மாவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, ஒழுங்கை முழுக்கக் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

"உன்ரை கொப்பர் சரியான கஞ்சப் பிசினாறி, பிள்ளை."