தக்கை மேல கண்ணு

“அண்ணே, இந்தத் தூண்டிலு எப்படிக் கட்டறதுன்னு எனக்கும் கொஞ்சம் கத்துக் குடேன்!”

ஐயம்பேட்டை ஏரிக்கரையில் குந்தியிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். கையில் மூங்கில் கழி, பக்கத்தில் ஓலைக் கூடை. வீரபத்திரன் வாயெல்லாம் பல்லாக நின்றான். உள்ளுக்குள் ஒரே பயம்.

இருக்காதா பின்னே? பட்டு நூல் கிடைக்காமல் தறி முடங்கிப்போய், நேற்றுதான் இந்த ஏரிக்குக் காவல்காரனாகச் சேர்ந்திருக்கிறான். மீன் குத்தகை எடுத்த அப்துல் சத்தார் பாய் வெளியூர் போயிருந்த சமயத்தில், அவரிடம் கணக்கு எழுதும் மச்சான் ராஜவேலு பிடித்துப் போட்ட வேலை. முதலாளியும் இவனும் ஒருவர் முகத்தை ஒருவர் இன்னும் பார்க்கவில்லை.

“காலையில பாய் ஏரியைப் பார்க்க வராரு மச்சான். திருட்டுத் தூண்டில் போடறவன் ஒருத்தனையாவது கழியும் மீனுமா புடிச்சு நிறுத்து. இல்லேன்னா இந்த வேலையும் போயிடும்,” என்று ராஜவேலு சொல்லியிருந்தான்.

குழித்தறியில் உட்கார்ந்தே பழகிய காலுக்கு ஓட்டமா வரும்? துரத்தினால் ஆள் பறந்துவிடுவான். பாய் வரும்வரை பேச்சுக் கொடுத்தே உட்கார வைத்துவிடலாம் என்று வீரபத்திரன் திட்டம் போட்டான். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

“எம் பேரு பழனி. குந்துபா,” என்றான் அந்த ஆள்.

“எல்லாத்தையும் அவுத்துட்டு மொதல்லேர்ந்து கட்டிக் காட்டுண்ணே.”

பழனி சளைக்காமல் அவிழ்த்தான். “இது நைலான் நரம்பு. இது தக்கை, காஞ்ச நெட்டியில செஞ்சது. அடியில முள்ளு. முள்ளுக்கு மேல ஒரு சாண் விட்டு ஈயக் குண்டு. குண்டு இல்லேன்னா புழு கீழ எறங்காது. பெருசா இருந்தா தக்கையே முங்கிடும். எங்க, முள்ளை நீ கட்டு பார்ப்போம்.”

வீரபத்திரன் நெற்றி விபூதியை விரலில் தொட்டு, தறியில் பழைய பாவு நூலோடு புது நூலைச் சேர்ப்பதுபோல நரம்பை நேர்த்தியாக முறுக்கினான். பழனி லேசாக இழுத்தான். முள் கையோடு வந்துவிட்டது.

“இன்னாபா, மீனுக்குப் பொடவையா நெய்யறே? பட்டுக்குத்தான் முறுக்கு நிக்கும். இதுக்கு முடிச்சு போட்டு, எச்சில் தொட்டு இறுக்கணும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரனா நீ?”

“ஆமாண்ணே. வீரபத்திரன்.”

“அங்க ராஜவேலுன்னு ஒருத்தரு, பாய்கிட்ட கணக்கு எழுதறவரு...”

“நம்ம மச்சான்தான்!” என்று சொல்லிவிட்டு வீரபத்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்லவேளை, பழனி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மண்புழு ஒன்றை முள்ளில் கோத்துக்கொண்டிருந்தான்.

“இந்தா, கழியை நீயே புடி. கூடையையும் உம் பக்கத்துல வெச்சுக்கோ. தக்கை படுத்துக்கினா குண்டு தரையைத் தொட்டுடுச்சுன்னு அர்த்தம், தக்கையைக் கொஞ்சம் கீழ எறக்கு. ஆங், இப்ப நிக்குது பாரு. சும்மா ஆடினா மீனு ருசி பார்க்குது, விட்டுடு. முழுசா முங்கினா இழு. தக்கை மேலயே கண்ணு இருக்கட்டும்.”

தக்கை ஆடியது. வீரபத்திரன் கழியை இறுக்கிப் பிடித்தான். மறுபடி ஆடியது. பாயாவது, வேலையாவது, உலகத்தில் அந்த நெட்டித் துண்டைத் தவிர வேறொன்றும் அவனுக்கு இல்லை.

முங்கியது!

இழுத்தான். நரம்பின் நுனியில் கெண்டை ஒன்று வெயிலில் துள்ளியது. “அண்ணே, மாட்டிக்கிச்சுண்ணே! மாட்டிக்கிச்சு!” என்று சின்னப் பிள்ளைபோலக் குதித்தான். பிறந்ததிலிருந்து அவன் பிடித்த முதல் மீன்.

கரைமேல் சைக்கிள் மணி கேட்டது. வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக அப்துல் சத்தார் பாய் இறங்கிக்கொண்டிருந்தார். சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்! ஆளைக் கையும் களவுமாகக் காட்டிவிடலாம் என்று வீரபத்திரன் குஷியாகத் திரும்பினான்.

பக்கத்தில் பழனி இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, விடுவிடென்று பாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

“சலாம் பாய்! நான்தான் உங்க புதுக் காவக்காரன், ராஜவேலு மச்சான் வீரபத்திரன். அதோ பாருங்க, மொத நாளே ஒருத்தனைக் கழியும் மீனுமா புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்!”