மதிலில் நிற்கிற பேணாட்

"பிள்ளை, மதில்ல மற்ற ஆக்களைப் படமாக் கீறு. என்ர முகத்தை மட்டும் கீறாதே. பொலிஸுக்கு அலைய என்னால ஏலாது."

பேணாட் கும்பிடாத குறை. சுலோஜனா கையை நிறுத்தவேயில்லை.

"இது உங்கட கரைவலைப்பாடு, அண்ணன். அதுக்கு மேலதான் மதிலைக் கட்டியிருக்கிறாங்கள். நீங்கள் நிண்டு வலை இழுத்த இடத்தில உங்களைக் கீறாமல் வேற ஆரைக் கீற?"

கரைவலைப்பாடு என்றால் வலையை வளைத்துக் கரைக்கு இழுக்கிற கடற்கரைத் துண்டு. பேணாட்டின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் இழுத்த இடம். ஹொட்டேல்காரர் வந்தார்கள், மதிலைக் கட்டினார்கள், கடலுக்குப் போகிற வழியும் போய்விட்டது. திருமலைக் கச்சேரியில் அரசாங்க அதிபருக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று. ஒரு மண்ணும் நடக்கவில்லை. வலை இப்போது குசினிக்குப் பின்னால் கிடக்கிறது. எலி கடிக்கிறது.

அதற்குப் பிறகுதான் நேர்சரியில் படிப்பிக்கிற சுலோஜனா பெயின்ற் வாளியோடு வந்தாள். யார் எந்த இடத்தில் நின்று கயிறு இழுத்தாரோ, அந்த இடத்திலேயே, அவரவர் உயரத்துக்கே கீறினாள். பதினாறு பேர். அடியில் பெரிய எழுத்தில், 'வழியை விடு'.

ஊர் சிரித்தது.

"படம் கீறினா மதில் விழுந்திடுமோ?" என்றாள் பேணாட்டின் மனுசி மரியம்மா. "அந்தப் பெயின்ரை எங்கட வீட்டுச் சுவருக்கு அடிச்சாலாவது புண்ணியம்."

அடுத்த நாள் விடிய மதில் முழுக்க வெள்ளை.

அடித்தவன் ஹொட்டேல் காவலாளி இன்ஷாப். போன வருசம்வரை பேணாட்டோடு கயிறு இழுத்தவன்தான்.

"மெனேஜர் அடி எண்டா அடிக்கத்தானே வேணும். நான் என்ன செய்ற, டீச்சர்?" என்றான்.

நல்ல பெடியன். நல்லவன் என்று சொல்லி என்ன, வெள்ளை வெள்ளைதானே.

அவள் திரும்பக் கீறினாள். அவன் திரும்ப அடித்தான். இப்படி ஐந்து தரம். ஐந்தாம் தரம் பேணாட்டே வந்து வாளியைப் பிடித்தார்.

"கீறுறதெண்டு முடிவெடுத்தா மூக்கையாவது ஒழுங்காக் கீறு. கத்தரிக்காய் மாதிரிக் கிடக்குது."

"உங்கட மூக்கு அப்பிடித்தான், அண்ணன்."

ஆறாம் தரம் கீறினாள். ஒரு நாள் போனது. ஒரு கிழமையும் போனது. யாரும் வெள்ளை அடிக்கவில்லை.

"பயந்திட்டாங்களடி!" பேணாட் வீடு அதிரக் கத்தினார். "இனி வழியும் விடுவாங்கள்!"

மரியம்மாவும் இந்த முறை சிரிக்கவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். பேணாட் வலையை வெளியில் இழுத்துப்போட்டு, எலி கடித்த வலைக்கண்களை இரண்டு நாளாகக் குந்தியிருந்து நூல் போட்டுப் பொத்தினார். சுலோஜனாவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, ஆறு தரம் கீறியிருக்கிறாளே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நாலு பேர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். சுலோஜனா முன்னால் நடந்தாள்.

மதில் அப்படியே இருந்தது. வழி மட்டும் இல்லை. இந்த இரண்டு நாளுக்குள் மதிலுக்கு முன்னால் புதுசாகப் புல்லு வைத்திருந்தார்கள். படங்களுக்கு மேலே லைற் பூட்டியிருந்தார்கள். ஒரு பலகையில் இங்கிலீசில், 'எங்கள் மீனவ நண்பர்கள்'.

வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் வரிசையில் நின்று, கீறின கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'வழியை விடு' என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தது.

சுலோஜனா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

பேணாட் மட்டும் வலையோடு போய், தன்னுடைய படத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

இன்ஷாப் ஓடி வந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்:

"பேணாட் அண்ணன், கோவிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நிக்கட்டாம். நீங்க மீன்காரரை மறைக்கிறீங்களாம்."