பிடி விடும்வரை

“உங்க அம்மா நாறுது. கீழ இறக்கு” என்று காகம் மறுபடியும் கத்தியது. ஆலமரத்தில் செத்துத் தொங்கிய தாய் வௌவாலுக்குப் பக்கத்தில் அதன் குட்டியும் தொங்கிக்கொண்டிருந்தது.

“செத்தவங்க கால் பிடி தானா விடணும். அதுவரைக்கும் இறக்கக் கூடாது. எங்க வழக்கம் அது” என்றது குட்டி.

காகம் விடுவதாக இல்லை. பொழுது சாய்ந்ததும் குட்டி சமூக உரிமை ஆணையத்துக்குப் பறந்தது. அங்கே ஆமைதான் தலைவர்.

“உங்களை மாதிரி சின்னக் கூட்டத்தோட வழக்கத்தைக் காப்பாத்தத்தான் தம்பி நாங்க இருக்கோம். நாளைக்கு மத்தியானம் விசாரணை, வந்துரு.”

“ஐயா, பகல்ல நாங்க தூங்குவோம்.”

“ராத்திரியில ஆணையம் கூடுறதில்ல. எங்க வழக்கம் அது.”

இதைச் சொல்லும்போது ஆமைக்குச் சிரிப்புகூட வரவில்லை.

மறுநாள் காகம் குளித்துவிட்டு வந்து நன்றாகப் பேசியது. குட்டி வரவில்லை. முழித்திருக்கப் பார்த்து, முடியாமல் மரத்திலேயே தூங்கிப்போயிருந்தது.

“வழக்கத்து மேல அவ்வளவுதான் அக்கறை” என்று ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளேயிருந்தே ஆணையத்தின் சேவகன் அணிலுக்கு உத்தரவு போட்டது: “குட்டி முழிக்கிறதுக்குள்ள ஏறிப்போய் இறக்கிடு.”

அணில் ஏறியது. குட்டி தன் இறக்கையால் அம்மாவைப் போர்த்தியபடி தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் நகங்கள் இன்னும் கிளையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

“என்னப்பா, ஆச்சா?” என்று கீழேயிருந்து காகம் கேட்டது.

அணில் கழற்றவில்லை.