அந்துருண்டையின் காவல்

புத்தக அலமாரியில் பூச்சி வராமலிருக்கக் காவலாக வைத்த அந்துருண்டைக்குத் தலைகால் புரியாத பெருமை. பக்கத்தில் கிழட்டு ஆங்கில அகராதி எதையோ முனகிக்கொண்டிருந்தது.

"என்ன ஓய், காலையிலேர்ந்து ஒரே புலம்பல்?"

"'வேனிஷ்'னு ஒரு சொல். மாயமா மறைஞ்சு போறதுன்னு அர்த்தம். லத்தீன்ல வெறுமைங்கிற சொல்லிலிருந்து வந்தது. எல்லாம் இருக்கு, உதாரண வாக்கியத்தை மட்டும் காணோம்."

"இதுக்கா கவலை? 'அந்துருண்டையைக் கண்டதும் பூச்சிகள் மாயமாய் மறைந்தன'ன்னு எழுதிக்கும்!"

அப்போது அகராதியில் அந்த வாக்கியம் இருந்த இடத்து ஓட்டை வழியாக, வாயைத் துடைத்துக்கொண்டே ஒரு பூச்சி வெளியே வந்தது.

அந்துருண்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடேய்! நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், உனக்கு அவ்வளவு தைரியமா?"

பூச்சி நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தது.

"யாரோ கத்தின மாதிரி இருந்துச்சே, தாத்தா. ஆளைக் காணோமே?"

அந்துருண்டை அன்றுதான் முதன்முதலாகக் குனிந்து தன்னைப் பார்த்தது. காற்றில் கரைந்து கரைந்து, கடுகளவுகூட மிச்சமில்லை.

பூச்சி அதை மிதித்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போனது.