கடலில் படித்த ஒரு வருஷம்

"மேல வந்தவனை மறுபடியும் கடலுக்குள்ள இறக்குனாங்களா? யாருப்பா இறக்கச் சொன்னது?"

காலேஜ் வாத்தியார் கிளாட்வின் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் ஜெரால்டு அண்ணாச்சி என்னையே முறைத்தார்.

நான் பத்தாவதோடு நின்றவன். அண்ணாச்சியின் போட்டில் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளிக்கிறேன். இந்தக் காலேஜில் டைவிங் டிப்ளமோ இருக்கிறது. வெளியே கற்ற தொழிலைச் சொல்லிக் காட்டினால், முதல் வருஷம் படித்ததாகவே கணக்கு வைத்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்கள். முடித்தால் ஹார்பரில் வேலை. தொழில் தெரிந்தவர் என்று அண்ணாச்சியையும் சாரோடு தேர்வு நடத்த உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு அனுபவச் சான்றிதழ் தர வேண்டியவரும் அவர்தான்.

கேள்வி சுலபம்தான். ஆழத்திலிருந்து சடக்கென்று மேலே வந்தவனுக்குக் கால் மரத்துப்போனால் என்ன செய்வாய்?

"ஆக்ஸிஜன் குடுத்து, படுக்க வச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும் சார்."

"குட். நேர்ல பாத்திருக்கியா?"

அங்கேதான் வந்தது வினை. எனக்குப் பொய் வராது.

"பாத்திருக்கேன் சார். எங்க அண்ணன் ஹென்றிக்கு அப்படித்தான் ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸாயிரும்னு, கயித்துல கட்டி மறுபடியும் கீழ இறக்குனாங்க. தன்னால சரியாயிரும்னாங்க. ரெண்டு காலும் போச்சு."

அதற்குத்தான் சார் கேட்டார், யார் இறக்கச் சொன்னது என்று.

"தம்பி, பாடத்தை மட்டும் பேசு" என்றார் அண்ணாச்சி.

"எனக்குப் பாடமே அதான். நீங்கதான அண்ணாச்சி இறக்கச் சொன்னிய?"

அண்ணாச்சி மேஜையில் இருந்த சான்றிதழை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இவன் என் போட்டுல ஏறுனதே இல்ல சார்."

சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சான்றிதழ் இல்லாம நான் என்ன செய்ய முடியும்? அடுத்த ஆளை வரச் சொல்லு."

வெளியே, கார்க் கதவைத் திறந்தபடி அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏலே கோட்டிக்காரப்பயலே! உங்கண்ணன் போலீஸ்ல ஏன் வாயத் தொறக்கலன்னு தெரியுமால?"

"பயந்தாங்கொள்ளி. நீங்க காசு குடுத்திருப்பிய."

"காசை என் மூஞ்சியிலயே எறிஞ்சாம்ல. 'என் தம்பி கடல்ல சாவக் கூடாது. அவன் காலேஜ்ல சேர நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்'னான். அதையும் கெடுத்துட்டு வந்து நிக்க!"

கார் போய்விட்டது.

வீட்டுக்குப் போக எனக்குக் கால் எழவில்லை. அங்கே அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

காலையில் கட்டிலில் உட்கார்ந்தமேனிக்கே என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தான். நான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் வாங்கினேன். அப்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்று.

"என் காலைப் பத்தி எவன் கேட்டாலும், பைக்குல விழுந்துட்டான்னு சொல்லிரு, என்னலே?"