பக்கவாட்டில் வழிந்த சாயம்

சாயம் பக்கவாட்டில் வழிந்திருந்தது.

ஓவியத்துக்கு முன்னால் நின்றேன். சாயம் கீழ்நோக்கித்தான் வழியும். எப்பேர்ப்பட்ட ஓவியர் வரைந்தாலும்.

இன்னும் நெருங்கினேன். ஓவியரின் கையெழுத்து, சட்டத்தின் ஓரமாகப் பல்லி மாதிரி செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. படத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரில் பழைய ஆணி ஓட்டைகள். அவற்றை அடைத்த பட்டி இன்னும் காயவில்லை.

அகலவாக்கில் மாட்ட வேண்டிய படம். யாரோ அதை உயரவாக்கில் திருப்பியிருக்கிறார்கள்.

யார் என்று எனக்குத் தெரியும். ஒரு வகையில், நான்தான்.

பதினோரு வருடங்களாக ஞாயிறு இணைப்பில் 'இந்த வாரம் எங்கே போகலாம்' எழுதுகிறேன். நகரத்தில் நடக்கும் ஓவியக் கண்காட்சிகளில் ஐந்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. கடைசியாக எந்தக் கண்காட்சிக்கு நேரில் போனேன் என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டும். அழைப்பிதழ் மின்னஞ்சலில் வரும். கூடவே இரண்டு மூன்று ஃபோட்டோ. அது போதும். வாசகர்கள் போவார்கள். நான் போக மாட்டேன்.

இந்தப் படத்தையும் என் ஃபோனில்தான் பார்த்தேன். நீல வானம். அதில் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும் ஒரு மனிதன். 'பிடிமானம் தேடித் துழாவும் அந்த இடது கைக்காகவே ஒருமுறை போய்ப் பாருங்கள்' என்று முடித்து அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

ஃபோட்டோ பக்கவாட்டில் திரும்பிக் கிடந்திருக்கிறது.

இப்போது தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வானம் போய் நீல விரிப்பு வந்தது. மனிதன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு வெளியே ஒரு கை சும்மா தொங்கியது. அவ்வளவுதான்.

அறையில் இருபது பேராவது இருப்பார்கள். இரண்டு பேர் கையில் என் பத்தியைக் கிழித்தெடுத்த தாள். எடிட்டர் என்னை விரட்டியதே அதனால்தான். “உங்க நாலு வரிக்கு அங்க கூட்டம் அள்ளுதாம். நேர்ல போய் ஒரு பேட்டி எடுத்துட்டு வாங்க சார். வெயில் பட்டா கரைஞ்சிட மாட்டீங்க.”

ஓவியர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஐம்பது வயதில் இதுதான் முதல் கண்காட்சி. வந்தவர்களெல்லாம் 'விழுகிறவன் எங்கே?' என்று கேட்டு நச்சரித்திருப்பார்கள். பாவம், வேறு வழியில்லாமல் தன் படத்தைத் தானே திருப்பி மாட்டியிருக்கிறார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பத்தி பறிபோகலாம். போகட்டும்.

“சார், நீங்கதானே?”

ஓவியர். பத்திக்கு மேலே தபால்தலை அளவில் வரும் என் முகத்தை வைத்து அடையாளம் கண்டிருக்க வேண்டும். கண்கள் வீங்கியிருந்தன.

“மேடம், இந்தப் படத்தைப் பத்தி ஒரு விஷயம்...”

“எங்க அண்ணன் சார் அது. உசரமான கட்டடங்கள்ல வெளிப்பக்கமா தொங்கிக்கிட்டு கண்ணாடி துடைக்கிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னாடி கயிறு அறுந்துடுச்சு. அம்மா அப்ப ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. தாங்க மாட்டாங்கன்னு, தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லிட்டோம். அதனாலதான் தூங்கற மாதிரி வரைஞ்சேன்.”

பேட்டிக்காக எடுத்த பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

“பேப்பர்ல என் பேர் வந்திருக்குன்னு ஆசை ஆசையா படிச்சாங்க. படிச்சிட்டு ஒரே கேள்விதான். நம்ம பிள்ளையைப் பார்த்தே இராத ஒருத்தருக்குத் தெரிஞ்சது, பெத்தவளுக்கு ஏண்டி தெரியலைன்னு. அதுக்கு மேல மறைக்க முடியல சார். இன்னிக்குக் காலையில இப்படித் திருப்பி மாட்டச் சொன்னதே அம்மாதான்.”

இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். பத்துப் பேர் பார்க்க. நான் தடுக்கவில்லை.

எதிர்ச் சுவரை ஒட்டிய பெஞ்சில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். படத்திலிருந்த அதே நீளமான மூக்கு. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஓவியர் என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“தம்பி, எதைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க?”

இதுதான் சமயம். ஃபோட்டோ திரும்பிக் கிடந்ததம்மா. மூன்றே வார்த்தை.

“கை...” என்றேன். “அந்தக் கையைப் பார்த்துத்தாம்மா.”

அவர் தலையாட்டினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“பால்குடி மறந்த நாள்லேர்ந்து அவன் அப்படித்தான் தூங்குவான். ஒரு கையைக் கீழ தொங்கப் போட்டுக்கிட்டு.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கைப்பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.

“உட்கார்ந்து பாருங்க தம்பி. முதல் தடவை பார்க்கறவங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.”