ராஜரத்தினத்தின் ட்ரெயில் சைக்கிள்

“அந்த நெளிவை எடுக்கவேண்டாம் தம்பி. அப்பிடியே இருக்கட்டும்.”

விஜிதரன் சுத்தியலைக் கீழே வைத்தான். புதுக்குடியிருப்பில் அவன் வீட்டோடு ஒட்டியிருந்த தகரக் கொட்டில்தான் அவனுடைய கராஜ். அதன் நடுவே மரக்கட்டையில் ஏற்றி நிறுத்தியிருந்தது, காட்டு வழிகளில் ஓடவென்று செய்த ஒரு பழைய ட்ரெயில் மோட்டார் சைக்கிள். அதைக் கொண்டுவந்த ராஜரத்தினம், பெற்றோல் டாங்கியில் விழுந்திருந்த நெளிவை விரலால் தடவிக்கொண்டு நின்றார். நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார்.

“அண்ணை, புதுப் பெயின்ற் அடிக்கப்போறம். நெளிவோட அடிச்சா வடிவா இருக்குமோ?”

“வடிவு வேண்டாம். முந்தி இருந்தமாதிரி இருக்கோணும்.”

எட்டு மாதமாக இதே கதைதான். இரும்புக் கடைக் குவியலுக்குள் நம்பர் பிளேட்டைக் கண்டு இழுத்தெடுத்தாராம். கொண்டுவந்தபோது அது சைக்கிளாகவே இல்லை. கறள் பிடித்த சட்டமும் இறுகிப்போன எஞ்சினும்தான். எஞ்சினைக் கழற்றினால் உள்ளே கட்டி கட்டியாகக் கரி. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடியதன் மிச்சம். அதைச் சுரண்டவே விஜிதரனுக்கு மூன்று நாள் பிடித்தது. ராஜரத்தினம் வவுனியா, யாழ்ப்பாணம் என்று அலைந்து பிஸ்டன், கார்பரேட்டர், சீற் என ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்தார்.

மட்காட்டுக்கு வெள்ளை அடிப்போமா என்றால், “இல்லை, சாம்பல்” என்பார். பின்பக்கக் கரியரை நேராக ஒட்டினால், “இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருந்தது” என்பார். ஒட்டியதை வெட்டித் திரும்ப ஒட்டவேண்டும்.

“இத்தினை வருசத்துக்குப் பிறகும் எப்பிடியண்ணை இவ்வளவு ஞாபகம்?”

“மறக்கேலாது தம்பி.”

விஜிதரனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. இளவயதில் ஆசைப்பட்டு வாங்கி, இடம்பெயர்ந்தபோது பறிகொடுத்த சைக்கிளாக இருக்கும் என்று அவனாகவே ஒன்றைக் கற்பனை பண்ணிக்கொண்டான். அதற்காகவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதில் மினக்கெட்டான்.

கடைசியாக ஒரு நாள் காலை, கிக்கரை நாலாம் தரம் உதைத்தபோது எஞ்சின் இருமியது. கொட்டில் நிறையப் புகையைக் கக்கிவிட்டு, பிறகு சீராகப் பிடித்தது. விஜிதரன் துள்ளிவிட்டான்.

“ஏறுங்கோ அண்ணை! முதல் ஓட்டம் நீங்கள்தான் ஓடோணும்!”

ராஜரத்தினம் ஓரடி பின்னால் போனார். “நான் ஏறமாட்டன்.”

“ஏன், ஓடத் தெரியாதோ?”

“தெரியும். ஆனா ஏறமாட்டன். இதை அக்கராயனில ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகோணும். நீங்கள் ஓடிக்கொண்டு வாங்கோ. நான் முன்னுக்கு பஸ்ஸில போய்ச் சந்தியில நிக்கிறன்.”

“பின்னால இருந்தெண்டாலும் வரலாமே?”

அவர் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

யாருக்கோ விற்கப்போகிறார் என்று விஜிதரன் நினைத்துக்கொண்டான். பெற்ற பிள்ளையைப் பிரிகிறவர்போல அவர் முகம் வாடியிருந்ததற்கு வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை. மத்தியானம் புறப்பட்டு, வழி முழுக்க அவருக்காக இரங்கிக்கொண்டே ஓடினான்.

அக்கராயன் சந்தியில் ராஜரத்தினம் காத்துநின்றார். வாய்க்கால் கரையால் அவர் முன்னே நடக்க, விஜிதரன் மெல்ல ஓட்டிக்கொண்டு போனான். ஒரு வளவின் வாசலில் நின்று “ஐயா” என்றார். திரும்பவும் கூப்பிட்டார். அந்த வீட்டுக்காரர் ஏரம்பு, எழுபது தாண்டிய கமக்காரர், முற்றத்தில் விரித்திருந்த படங்கில் காய்ந்த நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

வந்தவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கிட்டக் குனிந்து இன்னொரு தரம் வாசித்தார்.

“இது என்ர சைக்கிளெல்லோ!”

விஜிதரன் திடுக்கிட்டுத் திரும்பினான். ராஜரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உங்கடைதான் ஐயா. ரெண்டாயிரத்தி ஒன்பது தை மாசம், உடையார்கட்டில ஒரு மரத்துக்குக் கீழ விட்டிருந்தனீங்கள். ஷெல் விழேக்க நான்தான் களவெடுத்தனான். முள்ளிவாய்க்காலில போட்டிட்டு வரவேண்டியதாப் போச்சு. நம்பரை வைச்சு விசாரிச்சு உங்களை எப்பவோ கண்டுபிடிச்சிட்டன். வெறுங்கையோட வர முகமில்லை. நீங்கள் குடும்பத்தோட அண்டைக்கு எப்பிடித் தப்பினீங்களோ எண்டு நினைக்காத நாளில்லை. பொலிசில குடுத்தாலும் குடுங்கோ ஐயா.”

எதற்காக எடுத்தேன் என்று அவர் சொல்வார், ஏதாவது ஒரு நியாயம் சொல்வார் என்று விஜிதரன் காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடியே நின்றார்.

ஏரம்பு சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு வந்து, ராஜரத்தினத்தின் கட்டியிருந்த கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டார்.

“நான் பங்கருக்குள்ள இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். மகன் கத்த வெளிக்கிட்டவன். நான்தான் அவன்ர வாயைப் பொத்தினனான். அதை விடும் தம்பி... அண்டைக்கு உமக்குப் பின்னால வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்த மனிசிக்கு என்ன பிள்ளை பிறந்தது?”